காசுக் கணவாய்

கோடை விடுமுறையில் மும்பையிலிருந்து தமிழ்நாட்டுக்குப் புறப்படும் தொடர்வண்டிகள் பலவும் கர்ஜத் நிலையத்தில் சற்று நேரம் நிற்கும். அங்கே வண்டியின் பின்புறத்தில் கூடுதல் எஞ்சின்கள் இணைக்கப்படும். முன்னால் உள்ள எஞ்சின் இழுக்க, பின்னால் உள்ளவை தள்ள, சுரங்கப் பாதைகள் பலவற்றைக் கடந்து வண்டி லோனாவளாவை அடையும். சுரங்கத்துக்குள் இருள் சூழும்போது பெட்டியில் உள்ள பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ்வர். போர் காட் என்னும் இந்த மலைவழியில் இருப்புப்பாதை 1863ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

எஞ்சினுக்கே துணை வேண்டியிருக்கும் அந்த மலைச்சுவரை மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காலால் கடந்து வந்துள்ளனர். அவ்வாறு கடந்த வழிகளுள் மிகப் பழமையான ஒன்று, மும்பையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் பெயர் நாணேகாட். மராத்தி மொழியில் ‘நாணே’ என்றால் காசு. தமிழில் வழங்கும் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு அது உறவு. ‘காட்’ என்னும் சொல் மலையில் ஏறும் வழியையும் குறிக்கும். ஆற்றில் இறங்கும் படித்துறையையும் குறிக்கும். ஆகவே நாணேகாட் என்பதைக் காசுக் கணவாய் என்று தமிழில் கூறலாம். அப்பெயர் வந்த காரணத்தைக் கணவாயின் உச்சிக்கு ஏறியவர்கள் தம் கண்ணாலேயே காண்பர்.

கல்யாண் நகரிலிருந்து முர்பாட் வழியாக மால்சேஜ் கணவாய்க்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வைசாக்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அதற்கு அருகே சாலையை விட்டு ஒற்றையடிப் பாதை ஒன்று பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே நோக்கினால் பாதை எங்கே செல்கிறது என்பது எளிதில் விளங்காது. எதிரே தெரிவது ஒரு சுவர். கோட்டை மதிலைப் போல் நெடுஞ்செங்குத்தாக எழுந்து, வடக்கும் தெற்கும் கண்ணுக்கு எட்டிய வரை நீண்டு கிடக்கிறது. அச்சுவரில் எங்கே வாயில் இருக்கும் என்பதே முதலில் தோன்றும் கேள்வி.

அதற்கு விடை பாறையில் இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தின் வெடிப்புகள் வழியாக எரிமலைக் குழம்பு வெளிப்பட்டு இப்பகுதி முழுவதும் பரவியது. அது ஒரே முறையில் நிகழ்ந்து முடிந்துவிடவில்லை. ஒரு படலம் பரவி ஆறியபின் அதன்மேல் மற்றொரு படலம் பரவியது. இவ்வாறு தோசைகளை அடுக்கி வைத்தாற்போல் படலம் படலமாக அமைந்தவையே தக்காணத்தின் கரும்பாறைகள். இன்றும் அவை ஏறத்தாழ ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் காணப்படுகின்றன. படலத்தின் கெட்டியான பகுதி மழையைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கும். இரு படலங்களுக்கு இடையே உள்ள மென்மையான பகுதி கரைந்து சரிவாகும். அச்சரிவில் மண் தங்கி மரங்கள் வளரும். செங்குத்து, சரிவு, மீண்டும் செங்குத்து என்று மலை முழுவதும் மாபெரும் படிக்கட்டாக அமைந்திருப்பதன் காரணம் இதுவே. நிலவியல் அறிஞர்கள் இப்பாறைக்கு வழங்கும் ‘டிராப்’ என்னும் பெயரும் சுவீடன் நாட்டு மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகும்.

இம்மலைக்கு மராட்டிய மாநிலத்தில் சகியாத்திரி என்று பெயர். தமிழ்நாட்டில் இதையே மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறோம். தபதி ஆற்றின் தெற்கே தொடங்கிக் குமரி முனைக்கு அருகே முடியும் இத்தொடரின் நீளம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். தென்காசியில் ஆச்சி வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்கும் மலையும், புனேயில் பள்ளிப் பேருந்தின் சாளரத்திலிருந்து பார்க்கும் மலையும் ஒரே தொடரைச் சேர்ந்தவை. எனினும் கல் வேறு. நீலகிரியின் பாறைகள் இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறி மேலே வந்தவை. அதனால் அங்கே மலைகள் உருண்டு திரண்டு நிற்கின்றன. இங்கே படிப்படியாக நிற்கின்றன. ஒரு மலையில் நடந்து பழகியவர் மற்றொரு மலையிலும் அதே முறையில் நடக்க முயன்றால் இடர்ப்படுவது இதனால்தான்.

பாதை முதலில் அவசரம் காட்டுவதில்லை. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக மரநிழலில் மெல்ல மெல்ல உயர்கிறது. கால் வேகமாகச் செல்ல விரும்பும், விடக்கூடாது. தொடக்கத்தில் மூச்சு வாங்கும்படி நடந்தவர் பின்னால் வரும் செங்குத்தில் உட்கார்ந்துவிடுவார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே மலைக்கு ஏற்ற வேகம்.

காட்டில் மக்களின் சுவடும் உண்டு. மலையின் மேலே வாழும் மகாதேவ் கோளி என்னும் பழங்குடி மக்கள் ‘ஹிர்டா’ என்னும் காயைச் சேகரித்து விற்பர். அது வேறொன்றும் இல்லை, தமிழ் வீடுகளின் மருந்துப் பெட்டியில் இருக்கும் கடுக்காய். சரிவுகளில் ‘கார்வி’ என்னும் புதர்ச்செடி அடர்ந்திருக்கிறது. அதன் உறுதியான தண்டுகளை வரிசையாகக் கட்டி, மண் பூசி, வீட்டுச் சுவர் எழுப்புவர். கார்வி ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூக்கும் ஆண்டில் மலைச்சரிவு முழுவதும் ஊதா நிறமாகிவிடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பூக்கும் குறிஞ்சிக்கு இது நெருங்கிய உறவுச்செடி. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சித் திணை என்று இலக்கணத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பூவின் தங்கையை மராட்டிய மண்ணில் காண்பது ஒரு வியப்பாக இருக்கலாம்.

பாதை இரண்டாகப் பிரியும் இடங்களில்தான் நடப்பவரின் அறிவு சோதிக்கப்படுகிறது. மாடுகளும் ஆடுகளும் மேய்ந்து செல்லும் தடங்கள் மனிதர் நடந்த பாதையைப் போலவே தொடங்கும். சிறிது தொலைவு சென்றதும் புல்லில் கலந்து மறைந்துவிடும். நெடுங்காலம் மனிதர் நடந்த வழியில் கற்களின் மேற்புறம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அதைக் கண்ணால் மட்டுமன்றிக் காலாலும் உணரலாம். ஐயம் தோன்றினால் முன்னே செல்லாமல், உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்திற்குத் திரும்பி வருவதே முறை. திரும்புவதற்கு வெட்கப்பட்டவர்களே பெரும்பாலும் வழி தவறுகின்றனர்.

வழி தவறியவர்க்குத் தோன்றும் ஓர் எண்ணம் மிகவும் ஆபத்தானது. ‘ஓடை கீழேதான் செல்லும், ஓடையோடு இறங்கினால் ஊர் வந்துவிடும்’ என்று அவர் எண்ணுவார். வேறு மலைகளில் ஒருவேளை அது சரியாக இருக்கலாம். படிக்கட்டாக அமைந்த சகியாத்திரியில் அது பெரும்பிழை. இங்கே ஓடை ஒவ்வொரு படியின் விளிம்பிலும் அருவியாக விழுகிறது. ஓடையைப் பின்பற்றி இறங்குபவர் முதல் படியில் சறுக்கி இறங்கிவிடுவார். அடுத்த படியின் விளிம்பில் நிற்பார். கீழே நூறடிப் பள்ளம் இருக்கும். மேலே ஏறவும் பிடிமானம் இருக்காது. கீழே இறங்கவும் மேலே ஏறவும் இயலாமல் பாறைத்திட்டில் சிக்கிக்கொள்வது இவ்வாறுதான். அவ்வேளையில் இருந்த இடத்திலேயே அமர்ந்து, குரல் கொடுத்து, உதவிக்குக் காத்திருப்பதே உயிரைக் காக்கும்.

அப்படியானால் நாணேகாட் பாதை மட்டும் எப்படி மேலே செல்கிறது? மலைச்சுவரில் ஓரிடத்தில் பாறை பிளந்திருக்கிறது. மழைநீர் அப்பிளவை நெடுங்காலம் அரித்து இடுக்காக்கியது. அவ்விடுக்கைக் கண்டுபிடித்த பண்டைய மக்கள், இயற்கை விட்டுவைத்த செங்குத்துகளில் தாமே படிகளை வெட்டினர். பாதையின் கடைசிப் பகுதியில் காலடியில் தென்படும் கற்படிகள் அவையே. பொதி சுமந்த விலங்குகளும் ஏறும் அளவிற்கு அவ்வழி அகலப்படுத்தப்பட்டது. மனிதர் மலையோடு போட்டியிடாமல், மலை இணங்கிய ஓரிடத்தைத் தேடிக் கண்டறிந்ததே அவ்வழியின் சிறப்பு.

உச்சியை அடைவதற்குச் சற்று முன்பு வலிய கரும்பாறையில் குடைந்த குகை ஒன்று வருகிறது. வெயிலில் ஏறி வந்தவர்க்கு அதன் குளிர்ச்சியே பெரிய விருந்து. உள்ளே சுவரை ஒட்டி அமர்வதற்குத் திண்ணை உண்டு. வெளியே அருகில் பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள் உண்டு. வழிப்போக்கர் தங்குவதற்கென்றே அமைந்த இடம் என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் குகையின் சுவர்களைப் பார்த்தவர் இளைப்பாறுவதை மறந்துவிடுவார். இருபுறச் சுவர்களிலும் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், நெடிய கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.மு. இரண்டாம் அல்லது முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். சாதவாகன மன்னன் சாதகர்ணியின் அரசி நாகனிகா பொறித்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நடத்தப்பட்ட வேள்விகளும், அவற்றில் வழங்கப்பட்ட பசுக்கள், யானைகள், குதிரைகள், காசுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் அதில் குறிக்கப்பட்டுள்ளன.

பின்சுவரில் அரச குடும்பத்தினரின் உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. அவ்வுருவங்கள் இன்று இல்லை. தலைக்கு மேல் எழுதப்பட்ட பெயர்களும், கீழே பாதங்களின் எச்சமும் மட்டுமே எஞ்சியுள்ளன.

கல்வெட்டில் உள்ள எண்கள் கணக்குப் பாடத்தோடு தொடர்புடையவை. இந்தியாவில் எண்குறிகள் இவ்வளவு மிகுதியாகக் கிடைத்த மிகப் பழைய இடங்களுள் நாணேகாட் ஒன்று. அங்கே சுழியம் இல்லை. பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி எனத் தனித்தனிக் குறிகள் உள்ளன. தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் இருப்பதை இங்கே நினைவுகூரலாம். எண்ணும் முறை ஒன்றேதான். வில்லியம் சைக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1828ஆம் ஆண்டுக் கோடையில் இம்மலையில் நடந்தபோது கல்வெட்டைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அதன் எண்குறிகளை ஆராய்ந்து 1876ஆம் ஆண்டு விளக்கி எழுதியவர் பகவன்லால் இந்திரஜி என்னும் இந்திய அறிஞர். இரண்டாயிரம் ஆண்டு மழைக்குத் தப்பிய எழுத்து அது. குகைக்குள் அடுப்பு மூட்டினால் புகை படியும். சுவரில் கல்லால் பெயர் கீறினால் எழுத்து சிதையும். தன் பெயரைக் கீறுபவர் யாருடைய பெயரின் மேல் கீறுகிறார் என்பதை அறியாதவராகவே இருப்பார்.

குகையைக் கடந்தால் இருபுறமும் பாறை நெருங்கிய ஓர் இடுக்கு. அதைத் தாண்டியதும் வானம் விரிகிறது. பரந்த மேட்டு நிலம் தொடங்குகிறது. அங்கே ஒரே கல்லில் குடைந்த பெரிய சாடி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. கணவாயைக் கடந்த வணிகர்கள் செலுத்திய சுங்கக் காசுகள் அதில் போடப்பட்டன என்பது வழிவழியாக வரும் செய்தி. காசுக் கணவாய் என்னும் பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

சுங்கம் செலுத்தியாவது இந்த ஏற்றத்தை ஏன் ஏறினர்? கடற்கரையில் சோபாரா, கல்யாண் ஆகிய துறைமுகங்கள் இருந்தன. மேட்டு நிலத்தில் ஜுன்னர் நகரும், அதற்கு அப்பால் சாதவாகனரின் தலைநகரமான பைத்தானும் இருந்தன. கப்பலில் வந்த சரக்கு உள்நாட்டுக்குச் செல்லவும், உள்நாட்டுச் சரக்கு கப்பலுக்கு வரவும் இம்மலைச்சுவரைக் கடந்தாக வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்னும் கடல்வழி நூல், சேர நாட்டு முசிறியைக் குறிப்பிடுவது போலவே கல்யாணையும் பைத்தானையும் குறிப்பிடுகிறது. பிற்காலச் சாதவாகன மன்னர் சிலர் வெளியிட்ட வெள்ளிக்காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் ஒரு திராவிட மொழியும் உள்ளன. அதைத் தமிழ் என்று கூறுவோரும் உளர். தெலுங்கின் பழைய வடிவம் என்று கூறுவோரும் உளர். கணவாயைக் காக்க ஜீவ்தன், சாவண்ட், ஹட்சர் ஆகிய கோட்டைகள் சுற்றிலும் உள்ள குன்றுகளில் எழுப்பப்பட்டன. ஜுன்னரை ஒட்டிய சிவநேரிக் கோட்டையில்தான் 1630ஆம் ஆண்டு சத்திரபதி சிவாஜி பிறந்தார்.

மேட்டு நிலத்தின் விளிம்பில் நிற்பவர் ஒரு நீர்ப்பிரிமேட்டில் நிற்கிறார். அங்கே விழும் மழைத்துளி மேற்கே உருண்டால் சில மணி நேரத்தில் கொங்கணச் சமவெளியை அடைந்து அரபிக் கடலுக்குச் செல்லும். கிழக்கே உருண்டால் குகடி ஆற்றில் சேர்ந்து, கோட் ஆறு, பீமா ஆறு, கிருஷ்ணா ஆறு என்று பெயர் மாறி மாறி, பல நூறு கிலோமீட்டர் நடந்து, ஆந்திரக் கரையில் வங்கக் கடலை அடையும். அரையடி வேறுபாட்டில் இரண்டு துளிகள் இரண்டு கடல்களுக்குச் செல்கின்றன.

மழைக்காலத்தில் அவ்விடத்தில் காற்று வேறு ஒரு வேடிக்கையும் காட்டும். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி மேல்நோக்கித் திரும்புகிறது. விளிம்பிலிருந்து விழும் சிற்றருவியின் நீரை அது கீழே விழ விடாமல் மேலே வீசித் தெளிக்கிறது. அருவி தலைகீழாக ஏறுவது போல் தோன்றும். மேலே ஏறும் காற்று குளிர்ந்து, சுமந்து வந்த மழையை மலையின் மேற்குப் புறத்திலேயே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. அதே தொடரில் உள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள வாய் என்னும் ஊரில் 1,000 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி சூன், சூலை மாதங்களில் காய்ந்து கிடப்பதும் இதனால்தான். ஆயினும் செங்கோட்டை அருகே மலைத்தொடரில் உள்ள கணவாய் வழியாக அக்காற்று நுழைவதால் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. சாரலுக்காகக் குற்றாலம் சென்று வந்த பிள்ளைகள் நாணேகாட்டின் காற்றை உடனே இனங்கண்டுகொள்வர்.

இவ்விடத்திற்கு நடந்து ஏறுவது ஒரு வழி. ஜுன்னரிலிருந்து மிதிவண்டியில் வருவது மற்றொரு வழி. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை, சாவண்ட் கோட்டையின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு, காட்கர் என்னும் சிற்றூர் வழியாகக் கணவாயின் வாய் வரை வருகிறது. நெல்வயல்களும் கேழ்வரகுச் சரிவுகளும் இருமருங்கும் உள்ளன. நடப்பவர் பாறையை அறிகிறார். மிதிவண்டியில் செல்பவர் சரிவையும் காற்றையும் அறிகிறார். கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றும் சாலை ஏற்றமா இறக்கமா என்பதை மிதிகட்டை பொய்யின்றிச் சொல்லிவிடும். மழைக்காலத்தில் மேற்கு நோக்கிச் செல்வதால் எதிர்க்காற்று மார்பில் அறையும். போகும் நேரத்தை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் தவறிவிடும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். இறக்கத்தில் ஒரே பிரேக்கை இடைவிடாமல் அழுத்தக்கூடாது. இரண்டையும் விட்டு விட்டு அழுத்த வேண்டும். சக்கரம் நனைந்திருந்தால் வண்டி நிற்பதற்குக் கூடுதல் தொலைவு தேவைப்படும் என்பதையும் மறத்தல் ஆகாது.

மழைக்காலமே இம்மலையின் அழகிய காலம். அதுவே கொடிய காலமும் ஆகும். கீழே வெயில் அடிக்கும்போது மேலே பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். கணுக்கால் அளவு இருந்த ஓடை சிறிது நேரத்தில் இடுப்பளவு உயர்ந்துவிடும். தெளிவாக ஓடிய நீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வந்தால், வெள்ளம் வருகிறது என்று பொருள். அப்போது கடக்காமல் கரையில் உயரமான இடத்தில் நிற்க வேண்டும். மழை குறைந்தால் ஓடையும் விரைவில் வடிந்துவிடும். பொறுத்திருப்பவருக்கு இழப்பு ஓரிரு மணி நேரமே. பாசி படிந்த கரும்பாறை எண்ணெய் தடவியது போல் வழுக்கும். விளிம்பின் ஓரத்தில் நின்று படம் எடுப்பவர், காற்றின் வேகம் ஒரு நொடியில் மாறக்கூடும் என்பதை நினைப்பதில்லை.

செப்டம்பர் மாதத்தில் மேட்டு நிலத்தின் பாறைகள் மேல் சிறு சிறு பூக்கள் கம்பளம் விரித்தாற்போல் மலரும். அங்குள்ள மண்ணின் கனம் பல இடங்களில் ஒரு விரல்கூட இராது. அதில் ஒரு காலடி பதிந்தால் அச்செடிகள் விதை உதிர்ப்பதற்கு முன்பே அழிந்துபோகும். பாதை என்று ஒன்று இருப்பது நடப்பவரின் வசதிக்காக மட்டும் அன்று.

ஏறுவதற்கு மூன்று மணி நேரம் ஆனால், இறங்குவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரத்தை ஒதுக்குவது நல்லது. இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும், கவனமும் தளரும். எந்த நேரத்திற்குத் திரும்புவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்து, உச்சி கைக்கெட்டும் தொலைவில் இருந்தாலும் அந்நேரத்தில் திரும்பிவிடுவது அனுபவம் உள்ளவர்களின் வழக்கம். பொழுது சாய்வதற்குள் நெடுஞ்சாலையை அடைந்தால் கல்யாண் செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம். வண்டி மேற்கு நோக்கி ஓடும்போது பின்பக்கச் சாளரத்தில் அந்தக் கருஞ்சுவர் நெடுநேரம் தெரிந்துகொண்டே இருக்கும். காலையில் வாயில் எங்கே என்று தேடிய கண்ணுக்கு, இப்போது அந்தச் சிறு பிளவு முதலிலேயே தென்படும்.